சீஷெல்ஸிடம் நாம் கற்க வேண்டியது என்ன? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் ஒரு பதிலின் நடுவே, அண்டை நாடுகளோடு பழகும் விதத்தில் பக்கத்துத் தீவு நாடான சீஷெல்ஸிடம் நம் மொரிசியஸ் படிக்க வேண்டிய பாடம் இருக்கிறது என்று எழுதியிருந்தேன். விளக்கச் சொல்லிச் சிலரும், மறுத்துப் பலரும் எழுதியிருக்கிறீர்கள். பென்ஷன், பள்ளிச் சேர்க்கை பற்றிய கேள்விகள் அடுத்த இதழுக்குப் போகட்டும். இந்த முறை இதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அம்மா, சீஷெல்ஸ் மக்கள்தொகை நம்மில் பத்தில் ஒரு பங்குதான். நம்மிடம் ஆலைகள், வங்கிகள், நல்ல வக்கீல்கள் எல்லாம் இருக்கிறார்கள், இருக்கின்றன. அவர்களிடம் போய் நாம் என்ன கற்றுக்கொள்வது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ரோஸ் பெல்

பதில்: ஐயா, கணக்கு நீங்கள் சொல்வதுதான். நாம் பன்னிரண்டு லட்சத்துச் சொச்சம் பேர், அவர்கள் ஒரு லட்சத்துச் சொச்சம். அவ்வளவு சிறிய நாட்டின் பேச்சை இந்தக் கடலில் பெரிய நாடுகள் கேட்கின்றன என்றால், அதற்குக் காரணம் என்ன என்று பார்க்க வேண்டாமா?

சோமாலியக் கடற்கொள்ளையர்கள் தலையெடுத்த காலத்தை நினைத்துப் பாருங்கள். 2009இல் அவர்கள் சீஷெல்ஸ் கடல் வரைக்கும் வந்துவிட்டார்கள். சூரை மீன் பிடிப்பும் சுற்றுலாவும்தான் அந்த நாட்டுக்குச் சோறு. இரண்டும் அடிவாங்கின. அப்போது ஐரோப்பியப் போர்க்கப்பல்களும் மற்ற நாட்டுக் கப்பல்களும் கொள்ளையர்களைப் பிடிக்கத்தான் செய்தன. பிடித்தவர்களை எந்த நாட்டு நீதிமன்றத்தில் நிறுத்துவது என்பதுதான் சிக்கல். செலவு, மொழிபெயர்ப்பாளர், சிறை, சாட்சி என்று தலைவலி பிடித்த வேலை. பெரிய நாடுகளே கைகழுவப் பார்த்தன. பல நேரம் ஆயுதத்தைப் பிடுங்கிக்கொண்டு ஆளை விட்டுவிட்டார்கள். சீஷெல்ஸ் 2010இல் சட்டத்தைத் திருத்தி, நடுக்கடலில் பிடிபட்டவர்களையும் தன் நீதிமன்றத்தில் விசாரிக்க வழி செய்தது. தலைநகர் விக்டோரியாவில் வழக்குகள் நடந்தன, தண்டனையும் கொடுத்தார்கள்.

யாரும் எடுக்கத் தயங்கிய வேலையை எடுத்தவுடன் உதவி தேடி வந்தது. ஐ.நா. உதவியோடு சிறையைப் பெரிதாக்கினார்கள். ரோந்துக் கப்பலும் கண்காணிப்பு விமானமும் நட்பு நாடுகளிடமிருந்து வந்தன. பின்னால் இந்தப் பகுதி நாடுகள் கடல் பாதுகாப்புக்கு இரண்டு மையங்கள் அமைத்தபோது, தகவல் திரட்டும் மையம் மடகாஸ்கருக்கும், தகவலை வைத்து ரோந்து நடவடிக்கையை ஒருங்கிணைக்கும் மையம் சீஷெல்ஸுக்கும் போயின. இந்தியப் பெருங்கடல் சூரை மீன் ஆணையத்தின் தலைமையகமும் விக்டோரியாவில்தான் இருக்கிறது. சூரை மீனுக்குப் பேச வேண்டுமானால் ஸ்பெயின்காரரும் ஜப்பான்காரரும் அங்கே வந்துதான் ஆக வேண்டும்.

நம்மிடமும் தலைமையகங்கள் உண்டு என்பீர்கள். உண்மைதான். இந்தப் பகுதித் தீவுகள் சேர்ந்து நடத்தும் இந்தியப் பெருங்கடல் ஆணையம் நம் எபேனில் இருக்கிறது. 1997இல் இங்கேயே தொடங்கப்பட்ட இந்தியப் பெருங்கடல் விளிம்பு நாடுகள் சங்கத்தின் செயலகமும் எபேனில்தான். கட்டடம் கொடுப்பதில் நாம் குறை வைத்ததில்லை. கடற்கொள்ளையரை விசாரிக்க நாமும் அப்புறம் சட்டம் இயற்றினோம், வழக்கும் நடத்தினோம். ஆனால் முதலில் கை தூக்கியது அவர்கள். சுற்றியிருக்கிற எல்லோருக்கும் தேவைப்படும் ஒரு வேலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, அதை முழுசாகச் செய்து முடிக்கிற பழக்கம் அவர்களிடம் இருக்கிறது. நான் கற்கச் சொல்வது அதைத்தான்.

கேள்வி: கடலடி நிலத்தைச் சீஷெல்ஸோடு கூட்டாக வைத்துக்கொண்டோம் என்கிறார்கள். நம் பங்கைக் கறாராகப் பிரித்து வாங்கியிருக்கலாமே? விட்டுக்கொடுத்துவிட்டோம் என்று என் மகன் கோபப்படுகிறான்.
– ஒரு வாசகி, வாக்வா

பதில்: உங்கள் மகனிடம் இந்தப் பக்கத்தைக் கொடுங்கள் அம்மா. எனக்குத் தெரிந்து நம் நாடு செய்த வெளியுறவுக் காரியங்களில் மிகச் சிறந்தது இதுதான். பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட இதைப் பற்றி யாரும் சொல்லித் தராதது எனக்கு வருத்தம்.

கரையிலிருந்து 200 கடல் மைல் வரை ஒவ்வொரு நாட்டுக்கும் தனிப் பொருளாதார உரிமை உண்டு. அதையும் தாண்டிக் கடலடி நிலத்தட்டு நீண்டு போனால், ஆதாரத்தோடு ஐ.நா. ஆணையத்திடம் மனுப் போட்டு உரிமை கேட்கலாம். மஸ்கரீன் மேட்டுப் பகுதியில் நமக்கும் சீஷெல்ஸுக்கும் நடுவே அப்படி ஒரு பெரும் பரப்பு இருக்கிறது. இரண்டு பேருமே அதைக் கேட்க முடியும். ஆளுக்கொரு மனுப் போட்டிருந்தால் ஒருவர் மேல் ஒருவர் ஆட்சேபணை எழுதிக்கொண்டிருப்போம். தகராறு உள்ள இடம் என்றால் அந்த ஆணையம் கோப்பையே எடுக்காது.

2008 ஜூலையில் முதலில் 200 மைலுக்கு உட்பட்ட எல்லைக் கோட்டை இரு நாடுகளும் பேசி முடித்துக் கையெழுத்துப் போட்டன. அதே ஆண்டு டிசம்பரில் வெளிப்பரப்புக்குச் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுத்தன. 2011 மார்ச்சில் ஆணையம் ஏற்றுக்கொண்டது. 2012 மார்ச் 13 அன்று இரண்டு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின: ஒன்று உரிமையைக் கூட்டாகச் செலுத்த, மற்றொன்று கூட்டாக நிர்வகிக்க. பரப்பளவு ஏறத்தாழ 3,96,000 சதுர கிலோமீட்டர். ரொட்ரிக்ஸ், அகலேகா தீவுகளையும் சேர்த்து நம் நிலப்பரப்பு 2,040 சதுர கிலோமீட்டர்தான். அதைப் போல 190 மடங்குக்கு மேல். அங்கே எண்ணெயோ வேறு வளமோ கிடைத்தால் வருமானம் சரிபாதி.

கோடு போடாமல் விட்டதால் நாம் எதை இழந்தோம்? நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தனித்தனியாகக் கேட்டிருந்தால் இன்னும் வரிசையில் நின்றிருப்போம்.

இதே காலத்தில் வடக்கே மாலத்தீவோடு நடந்ததையும் உங்கள் மகன் தெரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டன் நம்மிடமிருந்து பிரித்தெடுத்த சாகோஸ் தீவுகளுக்கு மேலே அவர்கள் கடலும் நம் கடலும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. அந்த எல்லை பேசித் தீர்க்கப்படாமலே கிடந்தது. 2019 மே 22 அன்று, சாகோஸிலிருந்து பிரிட்டன் வெளியேற வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபையில் வாக்கெடுப்பு நடந்தபோது 116 நாடுகள் நம் பக்கம், 56 நாடுகள் நடுநிலை, எதிர்த்தவை ஆறே ஆறு. பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா, இஸ்ரேல், ஹங்கேரி, அப்புறம் மாலத்தீவு. பக்கத்துத் தீவு, நம்மைப் போலவே கடல் மட்டம் ஏறுமோ என்று பயந்து வாழும் நாடு, அந்தப் பட்டியலில் நின்றது. அவர்களுக்குத் தங்கள் கடலடி உரிமை என்னாகுமோ என்ற கவலை. அதன்பிறகு ஹாம்பர்க் கடல்சட்ட நீதிமன்றம் வரை போய், 2023 ஏப்ரல் 28 அன்று தீர்ப்பு வந்துதான் எல்லை முடிவானது. வரப்புத் தகராறு தீராத வீட்டுக்காரர் பஞ்சாயத்தில் நமக்குச் சாட்சி சொல்ல வரமாட்டார். சீஷெல்ஸோடு காட்டிய அக்கறையை அந்தப் பக்கமும் பத்து வருஷம் முன்பே காட்டியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கேள்வி: சாகோஸ் வெற்றி சர்வதேச நீதிமன்றத்தில் கிடைத்தது. திறமையான வாதம், சட்டம், அவ்வளவுதான். இதில் பிராந்திய நட்பு எங்கே வந்தது?
– சட்ட மாணவர், பாம்ப்ளமூஸ்

பதில்: தம்பி, வழக்கு நீதிமன்றத்துக்கு எப்படிப் போனது என்று பாருங்கள். சாகோஸ் பற்றி நாம் நேரே பிரிட்டன் மேல் வழக்குப் போட முடியாத நிலை. பொதுச்சபை போன்ற ஐ.நா. அமைப்பு கேட்டால்தான் ஹேக்கில் இருக்கும் அந்த நீதிமன்றம் ஆலோசனைக் கருத்து சொல்லும். 2017 ஜூனில் அப்படிக் கருத்துக் கேட்கும் தீர்மானம் பொதுச்சபையில் ஆப்பிரிக்க நாடுகளின் குழு பெயரில் வந்தது. 94க்கு 15 என்று நிறைவேறியது. 65 நாடுகள் ஒதுங்கிக்கொண்டன. ஐரோப்பாவில் நமக்கு எவ்வளவோ வியாபார உறவு இருக்கிறது, அங்கிருந்து பெரும்பாலும் நடுநிலைதான் கிடைத்தது. கை தூக்கியது ஆப்பிரிக்கா. ஆப்பிரிக்க ஒன்றியம் நீதிமன்றத்தில் தானே எழுத்துமூலம் வாதமும் வைத்தது. இது ஒருநாள் வேலையில் வந்ததில்லை. 1980இல் ஃப்ரீடவுன் மாநாட்டிலேயே சாகோஸின் பெரிய தீவான டியேகோ கார்சியாவைத் திருப்பித் தர வேண்டும் என்று ஆப்பிரிக்க நாடுகள் தீர்மானம் போட்டுவிட்டன. 2019 பிப்ரவரி 25 அன்று நீதிமன்றம் நம் பக்கம் கருத்துச் சொன்னபோது அந்த நாற்பது ஆண்டு உழைப்பும் அதில் சேர்ந்திருந்தது.

நம் வீடுகளில் ஆப்பிரிக்கா என்றால் தூரத்து ஊர் என்ற நினைப்பு இருக்கிறது. இந்தியா, பிரான்ஸ், இங்கிலாந்து மூன்றும்தான் நமக்கு வெளிநாடு. அந்த நினைப்பு மாற வேண்டும் என்று நான் ரொம்ப நாளாகச் சொல்லி வருகிறேன்.

2025 மே 22 அன்று சாகோஸை நமக்கு விட்டுத்தர பிரிட்டனோடு ஒப்பந்தமும் கையெழுத்தானது. டியேகோ கார்சியா ராணுவத் தளம் மட்டும் பிரிட்டனுக்கு 99 ஆண்டுக் குத்தகை. இதில் என் மனசுக்கு ஒப்பாத ஒன்று உண்டு. 1968 முதல் 1973 வரை அந்தத் தீவுகளிலிருந்து ஏறத்தாழ 1,500 பேரைக் கப்பலேற்றி இங்கேயும் சீஷெல்ஸிலும் இறக்கிவிட்டார்கள். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ரோஷ் புவாவிலும் போயிண்ட் ஓ சாப்ளிலும் வாழ்கிறார்கள். பேச்சுவார்த்தையில் தங்களைக் கேட்கவில்லை என்று அவர்களில் பலர் சொல்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்காமல் நாம் பேசும் எந்த அண்டை உறவும் முழுமையாகாது.

கேள்வி: அக்கா, நீங்கள் மடகாஸ்கரில் வேலை பார்த்தவர் என்று கேள்விப்பட்டேன். அங்கே ஆட்சி கவிழ்ந்தால் அது அவர்கள் பாடு. நாம் ஏன் தலையிட வேண்டும்?
– ஒரு வாசகி, கியூர்பிப்

பதில்: தங்கச்சி, நான் ஒரு ஆயத்த ஆடை ஆலையில் கணக்குப் பார்த்தவள். இங்கே கூலி ஏறியதும் எங்கள் முதலாளி, இன்னும் பல முதலாளிகளைப் போல, தையல் பிரிவைத் தானாவுக்கு, அதாவது அன்டனனரிவோவுக்குக் கொண்டுபோனார். மாதக் கணக்கு முடிக்க நான் அங்கே போய்வருவேன். துணி போர்ட் லூயிஸிலிருந்து கப்பலில் அந்த நாட்டின் தமத்தாவ் துறைமுகத்துக்குப் போகும். அங்கிருந்து மலைப்பாதையில் லாரியில் தானாவுக்கு. புயல் மாதங்களில் மண் சரிந்து லாரி நின்றால் தையல் வரிசையும் நிற்கும். அந்த நாட்டுச் சாலை எனக்கு நம் மோக்கா சாலையைவிட நன்றாகத் தெரியும்.

2009 மார்ச்சில் ஆட்சி மாறியது. ஜனாதிபதி ராவலோமனானா விலகினார், ராணுவத் துணையோடு அவரை எதிர்த்த ராஜோலினா வந்தார். ஆப்பிரிக்க ஒன்றியமும், ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதி நாடுகள் சேர்ந்த தெற்கு ஆப்பிரிக்க வளர்ச்சிச் சமூகமும் மடகாஸ்கரை இடைநீக்கம் செய்தன. ஆலையில் அப்போது வேலை ஓடிக்கொண்டுதான் இருந்தது. எங்களைக் கொன்றது அந்த டிசம்பர் கடைசியில் வந்த செய்தி. அகோவா என்ற அமெரிக்கச் சட்டப்படி அப்போது ஆப்பிரிக்க ஆடைகள் அமெரிக்காவுக்குள் வரியில்லாமல் போய்க்கொண்டிருந்தன. 2010 ஜனவரி 1 முதல் மடகாஸ்கருக்கு அந்தச் சலுகை கிடையாது என்று அமெரிக்கா அறிவித்துவிட்டது. பருத்தி டி-ஷர்ட்டுக்கு 16.5 சதவீதம், செயற்கை இழை என்றால் 32 சதவீதம் வரி. டி-ஷர்ட்டில் ஒரு ஆலைக்கு நிற்கும் லாபம் அதில் கால்வாசிகூட இருக்காது. வாங்குபவர் ஆர்டரை வேறு நாட்டுக்கு மாற்றிவிட்டார்.

சம்பளப் பதிவேடு என் கையில் இருந்தது. பெயர்கள் நீளமானவை, ஒரு பெயருக்கு ஒரு வரி போதாது. வரிசை வரிசையாக அந்தப் பெயர்களுக்கு நேரே கடைசித் தேதி எழுத வேண்டியிருந்தது. பாதிக்கு மேல் பெண்கள், வீட்டில் சம்பாதிக்கும் ஒரே ஆள். கடைசி உறையை வாங்க வந்தவர்கள், மார்ச்சில் தெருவுக்கே போகாத தங்களுக்கு ஏன் இந்தத் தண்டனை என்று கேட்டார்கள். முதல் வாரம் மூடிய தையல் வரிசையில் ஊசியோடு நூல் கோத்தபடியே மெஷின்கள் கிடந்தன. இந்தப் பக்கம் நம் ஃப்ளோரியாலிலும் வெட்டும் பிரிவில் ஆட்களைக் குறைத்தார்கள். அதுதான் உன் கேள்விக்குப் பதில். அவர்கள் பாடு என்று நாம் சொன்னாலும் அது நம் சம்பளப் பதிவேட்டுக்கு வந்துவிடுகிறது.

சமரச வேலை தெற்கு ஆப்பிரிக்க வளர்ச்சிச் சமூகத்தின் கையில் இருந்தது. மொசாம்பிக்கின் முன்னாள் ஜனாதிபதி சிசானோ பாடுபட்டார். மபுட்டோவில் ஒரு உடன்பாடு, அடிஸ் அபாபாவில் ஒன்று, இரண்டும் கலைந்தன. 2011 செப்டம்பரில் ஒரு திட்டத்தில் கட்சிகள் கையெழுத்திட்டன. இருந்தும் இரு தலைவர்களும் நேரில் பேச மறுத்தார்கள். அப்போது சீஷெல்ஸ் என்ன செய்தது தெரியுமா? தன் வெளித்தீவுகளில் ஒன்றான தெரோஷைக் கொடுத்தது. சின்னப் பவளத் தீவு. பத்திரிகையாளர் கூட்டமோ, இருபக்கத்து ஆதரவாளர் கூட்டமோ வந்து நிற்க முடியாத இடம். 2012 ஜூலையில் ராவலோமனானாவும் ராஜோலினாவும் அங்கே நேருக்கு நேர் உட்கார்ந்தார்கள். அன்றைக்கு உடன்பாடு வரவில்லை. ஆனாலும் அந்தப் பேச்சு தொடர்ந்து, இருவரும் தேர்தலில் நிற்பதில்லை என்ற இடத்துக்கு வந்தது. நடுவே வாக்குத் தவறி, தேர்தல் நீதிமன்றம் பெயர்களை நீக்கி, எவ்வளவோ நடந்தது. 2013 கடைசியில் தேர்தல் முடிந்தது. 2014இல் அகோவா சலுகை திரும்பியது. போன ஆலைகளில் பல திரும்பவில்லை.

மடகாஸ்கரில் நம் முதலாளிகள் பணம் போட்டிருந்தார்கள், நம் ஆட்கள் வேலை செய்தார்கள். சீஷெல்ஸுக்கு அங்கே அப்படிப் பெரிய வியாபாரம் இல்லை. இருந்தும் இடம் கொடுத்தது அவர்கள். நாம் அந்த வருஷங்களில் இன்னும் முன்னால் நின்றிருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் ஆதங்கம் உண்டு. இதைச் சும்மா பழங்கதையாகச் சொல்லவில்லை. 2025 அக்டோபரில் தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் தெருவில் இறங்கிய பிள்ளைகளின் போராட்டத்துக்குப் பின் அங்கே மறுபடி ராணுவம் ஆட்சியைப் பிடித்திருக்கிறது, ஆப்பிரிக்க ஒன்றியம் மறுபடி இடைநீக்கம் செய்திருக்கிறது. இந்தத் தடவை பேச இடம் தேவைப்பட்டால், நம் ரொட்ரிக்ஸைத் தருகிறோம் என்று நாம் முதலில் சொல்ல வேண்டும்.

கேள்வி: வணக்கம் அம்மா. நாங்கள் பிரான்ஸின் ஒரு பகுதி. பாரிஸ் முடிவு செய்வதுதான் எங்களுக்கு. எங்களையும் அண்டை நாடு என்று கணக்கில் சேர்ப்பீர்களா?
– ஒரு வாசகர், சேன்-ஆந்த்ரே, ரீயூனியன்

பதில்: சேர்க்காமல் எப்படி? உங்கள் ஊர்க் கோயில் திருவிழாவுக்கு இங்கிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள், நடுவே இருநூறு கிலோமீட்டர் கடல்தான்.

1982இல் போர்ட் லூயிஸில் மொரிசியஸ், மடகாஸ்கர், சீஷெல்ஸ் மூன்றும் இந்தியப் பெருங்கடல் ஆணையத்தைத் தொடங்கின. 1986இல் கொமொரோஸும், ரீயூனியனுக்காக பிரான்ஸும் சேர்ந்தன. கையெழுத்து பாரிஸுடையது என்றாலும் வேலை உங்கள் தீவில்தான் நடக்கிறது. 2005–06இல் சிக்குன்குனியா உங்கள் தீவில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரைப் படுக்கவைத்தது, இங்கேயும் வந்தது. ஒரு தீவில் காய்ச்சல் தொடங்கினால் மற்றத் தீவுகளுக்கு உடனே தகவல் போக வேண்டும் என்ற புத்தி அதிலிருந்துதான் வந்தது. ஆணையத்தின் கீழ் ஐந்து தீவுகளின் சுகாதாரத் துறைகளும் நோய்க் கண்காணிப்பு வலையில் சேர்ந்தன. கொசுவுக்கு பாஸ்போர்ட் கேட்க முடியாது, இந்த ஒரு விஷயத்தில் நாம் சரியாகவே கற்றுக்கொண்டோம். இணையத்துக்கு நம்மையும் உங்களையும் மடகாஸ்கரையும் தென்னாப்பிரிக்காவோடு சேர்க்கும் மெட்டிஸ் கடலடிக் கேபிளும் இந்தக் கூட்டு முயற்சியில் பிறந்ததுதான்.

2020ஐ நான் மறக்கமாட்டேன். ஜூலை 25 அன்று வாகாஷியோ கப்பல் போயிண்ட் தெஸ்னியில் பவளப்பாறையில் ஏறி நின்றது. ஆகஸ்ட் 6 அன்று எண்ணெய் கசிய ஆரம்பித்தது. சுமார் ஆயிரம் டன் கடலில் கலந்தது. நான் மாயேபூருக்குப் போனபோது கடற்கரை முழுக்க ஜனம். தையல் தெரிந்தவர்கள் வலைத்துணியைக் குழாய் போலத் தைத்தார்கள். தோட்டங்களிலிருந்து கரும்புச் சோகையை லாரியில் கொண்டுவந்து கொட்ட, பள்ளிப் பிள்ளைகள் அதைக் குழாய்க்குள் திணித்தார்கள். மிதப்பதற்குக் காலி பிளாஸ்டிக் பாட்டில்களைக் கட்டினார்கள். முழங்கை வரை கறுப்பாகிப் போன கையோடு மீனவர்கள் அதைப் படகில் ஏற்றி, பவளப்பாறைக்கு உள்பக்கக் கடலான லகூனுக்குள் இழுத்துப் போனார்கள். நாங்கள் சோகையைத் திணித்துக்கொண்டிருந்த அந்த நாட்களில்தான் உங்கள் தீவிலிருந்து ராணுவ விமானமும் கடற்படைக் கப்பலும் எண்ணெய்த் தடுப்பு மிதவைகளோடு வந்து சேர்ந்தன. இந்தியாவும் ஜப்பானும் ஆட்களை அனுப்பின.

நன்றியோடு சேர்த்து ஒரு கேள்வியும் எனக்கு இருக்கிறது. கப்பல் தட்டியதற்கும் எண்ணெய் கசிந்ததற்கும் நடுவே 12 நாள். சுற்றுச்சூழல் அவசரநிலையை அறிவித்து பிரான்ஸிடம் உதவி கேட்டது கசிந்த மறுநாள். கப்பல் பாறையில் ஏறிய அன்றே பக்கத்துத் தீவின் மிதவைகள் தானாகப் புறப்படும்படி ஒரு உடன்பாடு நடைமுறையில் இருந்தால் அந்த லகூன் இவ்வளவு சீரழிந்திருக்காது. தினமும் பெரிய கப்பல்கள் இந்த வழியாகத்தான் போகின்றன. அடுத்தது உங்கள் கரையில் ஏறலாம். உங்கள் பிராந்திய மன்றத்தில் இதைக் கேளுங்கள். இங்கே நாங்கள் கேட்கிறோம்.

கேள்வி: 2015 தீவுகள் விளையாட்டுப் போட்டியில் கொமொரோஸ் பாதியில் வெளியேறியது. இப்படிக் கோபித்துக்கொள்ளும் நாட்டிடம் கற்க என்ன இருக்கிறது?
– விளையாட்டு ரசிகர், திரியோலே

பதில்: மயோத் தீவு தங்களுடையது என்பது 1975இல் சுதந்திரம் பெற்ற நாளிலிருந்து கொமொரோஸின் வாதம். பிரான்ஸ் அதை 2011இல் தன் மாவட்டமாகவே ஆக்கிவிட்டது. ரீயூனியனில் நடந்த அந்தப் போட்டியில் மயோத் அணி பிரெஞ்சுக் கொடியோடு வந்ததைப் பார்த்துத்தான் வெளியேறினார்கள். அதே கொமொரோஸ் அதே பிரான்ஸோடு இந்தியப் பெருங்கடல் ஆணையத்தில் ஒரே மேசையில் இத்தனை ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறது. உரிமையையும் விடவில்லை, உறவையும் விடவில்லை. நமக்கும் பிரான்ஸோடு த்ரோமெலின் தகராறு இருக்கிறது. ஒரு சதுர கிலோமீட்டர் மணல்திட்டு. 2010இல் கூட்டு நிர்வாகத்துக்குக் கையெழுத்துப் போட்டும் பாரிஸ் நாடாளுமன்றத்தில் அது நின்றுபோனது. கொமொரோஸின் பொறுமை நமக்கு அங்கே உதவும்.

கேள்வி: அக்கா, நான் ஃப்ளாக்கில் கடைசி வருஷம் படிக்கிறேன். வெளியுறவுத் துறையில் சேர ஆசை. அண்டை நாடுகளைப் பற்றி எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது?
– மாணவி, ஃப்ளாக்

பதில்: கண்ணம்மா, உனக்கு ஆங்கிலமும் பிரெஞ்சும் கிரியோலும் தெரியும், வீட்டில் தமிழும் இருக்கும். மலகாசி படி. மூன்று கோடிப் பேர் பேசும் மொழி, நமக்கு மேற்கே பக்கத்திலேயே இருக்கிறது, நம் பிள்ளைகளில் அதைப் படித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தானாவில் நான் பிரெஞ்சில் பேசியபோது மேலாளர்கள் பதில் சொன்னார்கள். தையல் வரிசையில் இருந்தவர்கள் என்னோடு பேச ஆரம்பித்தது நான் நாலு வார்த்தை மலகாசி கற்ற பிறகுதான். அப்புறம் சுவாஹிலி. தெற்கு ஆப்பிரிக்க வளர்ச்சிச் சமூகம் 2019இல் அதைத் தன் ஆட்சிமொழிகளில் சேர்த்துக்கொண்டது; கொமொரோஸ் மொழிக்கும் அது சொந்தக்கார மொழி.

மேலே சொன்ன 2012 ஒப்பந்தங்கள் இரண்டையும் முழுசாக வாசி. சட்ட மொழி முதலில் கடினமாக இருக்கும், இரண்டாம் தடவை பிடிபடும். யார் யார் கூட்டு ஆணையத்தில் உட்காருகிறார்கள், சண்டை வந்தால் எப்படித் தீர்ப்பது என்ற பகுதிகளைக் குறித்து வைத்துக்கொள். பிறகு ஒரு சனிக்கிழமை போர்ட் லூயிஸ் துறைமுகத்துக்குப் போய், தமத்தாவுக்கும் ரீயூனியனுக்கும் இங்கிருந்து என்ன ஏறுகிறது, அங்கிருந்து என்ன இறங்குகிறது என்று விசாரித்து இரண்டு பக்கம் எழுது. எழுதியதை இந்தப் பத்திரிகை முகவரிக்கு அனுப்பு. நான் வாசித்துத் திருத்தித் தருகிறேன், நன்றாக வந்தால் ஆசிரியரிடம் சொல்லி இந்தப் பக்கத்திலேயே போடச் சொல்கிறேன்.